லைசென்ஸ் அவள் பேரில்

ஓட்டுநர் டீ குடிப்பதற்காகத் திருத்தணிப் பேருந்து கே.ஜி.கண்டிகையில் நிற்கிறது. கடையை ஒட்டிய வீட்டு வாசலில் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியை மடியில் கிடத்தி, எண்ணெய்த் துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"வேட்டைக்கா?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"இல்லீங்க. வேர்க்கடலை முத்திகினு வருது. இனிமே பன்னி எறங்கும். வானத்தப் பாத்து ஒரு வெடி போட்டா ஓடிப்பூடும்."

"குறி பார்த்தும் சுடுவீங்களா?"

"நானா? லைசென்ஸே இவ பேர்லதாங்க. எனக்குச் சத்தம் கேட்டாலே கை ஒதறும்." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சிரிக்கிறார்.

"விசைகிட்ட இன்னொரு தபா தொடய்யா," என்கிறாள் மனைவி. அவர் துடைக்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது. கார் ஓட்ட உரிமம் வாங்கி ஒன்பது வருடமாகிறது. சாவியை என் கணவர் இன்னமும் தன் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். "உங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தானாக்கா?"

"இவரைவிட ஒருபடி மேல்," என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் டீயை முடிப்பதற்குள் பேருந்தில் ஏறிக்கொள்கிறேன்.