கேற்றடியில் புதைத்த போத்தல்

எங்கள் சின்னம்மா ஒரு சூனியக்காரி என்பதை அவரே என்னிடம் சொன்னார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

லண்டனில் பல வருடம் இருந்தவர், ஒரு நாள் ஒரே ஒரு பெட்டியோடு திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். சித்தப்பா ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டதற்கு, அவருக்கு லீவு இல்லை என்றார். தான் இங்கே இருப்பதை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் பெரியம்மா. அவர் அடுத்த ஒழுங்கையில் இருந்தார். எங்கள் குசினியில் நடப்பது எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

சின்னம்மா மேல் அறையில் தங்கினார். அங்கே மேசையில் ஒரு மெழுகுதிரி, கோப்பையில் தண்ணீர், தட்டில் உப்பு, கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தி. சாமிப் படம் ஒன்றும் இல்லை. பின்னேரங்களில் தரையில் உப்பை வட்டமாகத் தூவி, நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கதவடியில் நின்று பார்க்கும் என்னை அவர் துரத்தவில்லை. கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னார். நெருப்பு, நீர், மண், காற்று நான்கையும் நாலு திசையிலும் காவலுக்கு அழைப்பதாம். நிலவு வளரும்போது வேண்டியதைக் கேட்பதாம். தேயும்போது வேண்டாததை அனுப்பிவிடுவதாம். கத்தி வட்டம் கீறுவதற்கு மட்டும்தானாம். ஒருவருக்குக் கேடு நினைத்தால் அது மூன்று மடங்காகத் தங்களுக்கே திரும்பி வருமாம். லண்டனில் ஒரு நேர்ஸ், ஒரு ரீச்சர், இன்னும் சில பெண்கள் ஒரு வீட்டுப் பின்வளவில் கூடி இதையெல்லாம் செய்வார்களாம். தங்களைப் பெருமையோடு ‘விட்ச்’ என்று சொல்லிக்கொள்வார்களாம்.

அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டேன்.

“சூனியக்காரி எண்டுதான் சொல்லவேணும்,” என்று சிரித்தார்.

அப்படியென்றால் விளக்குமாற்றில் ஏறிப் பறப்பீர்களா என்றேன். உங்கட அம்மாவின் விளக்குமாறு குத்தும் என்றார்.

அந்த மாதம் தம்பிக்கு இருமல் நிற்கவில்லை. அப்பாவின் ஓட்டோ அடிக்கடி நடுவழியில் நின்றது. முந்திய மாதங்களிலும் இவை நடந்தவைதான். ஆனால் இந்த மாதம் இவற்றுக்கான காரணம் எங்கள் மேல் அறையிலேயே இருந்தது. சின்னம்மா ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியை அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, பின்பக்கம் கொண்டுபோய் மல்லிகைச் செடிக்கு ஊற்றத் தொடங்கினார். மல்லிகை நன்றாகத்தான் பூத்தது.

எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். ஒரு காலை, இரண்டு மான்கள் எங்கள் கேற்றடி மண்ணை நக்கிக்கொண்டு நின்றதைப் பெரியம்மா கண்டார். மண்ணில் உப்பு இருந்தது. சந்தேகப்பட்டு அலவாங்கால் கிளறிப் பார்த்தபோது ஒரு ஜாம் போத்தல் வந்தது. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், உடைந்த கண்ணாடித் துண்டுகள், ஏதோ காய்ந்த இலைகள். அவற்றுக்கு நடுவில் சித்தப்பாவின் சிறிய படம்.

சின்னம்மாவிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. செய்வினை எடுக்கிறவர் ஒருவரைச் சாம்பல்தீவிலிருந்து அப்பா கூட்டிவந்தார். அவர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, இது வெளிநாட்டுச் சாமான், இதற்குத் தன்னிடம் மந்திரம் இல்லை, கடலில் போட்டுவிடுங்கள் என்றார். அப்பா போத்தலைத் துறைமுகத்தில் எறிந்துவிட்டு வந்தார்.

பெரியம்மாவின் மனம் மட்டும் ஆறவில்லை.

“அந்தப் பிள்ளை அங்க தனியக் கிடந்து கஷ்டப்படுது. இவள் இங்க இருந்துகொண்டு அதுக்குச் செய்வினை செய்யிறாள்,” என்றவர், அன்றைக்கே லண்டனிலிருந்த சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார்.

கேற்றடியில் மூடாமல் கிடந்த குழியைச் சின்னம்மா பார்த்துக்கொண்டே நின்றார். போத்தல் எதற்கு என்று அவரிடம் போய்க் கேட்டது நான் ஒருத்திதான்.

“ஆரையும் அழிக்கிறதுக்கு இல்லையம்மா. வரவேண்டாம் எண்டு மறிக்கிறதுக்கு.”

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். சூனியக்காரிகள் அப்படித்தான் சொல்லுவினம் என்றார் அம்மா.

அடுத்த கிழமையே சித்தப்பா வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, எங்களுக்குப் பெட்டி பெட்டியாகச் சொக்லேட். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவுக்கும் கண் கலங்கியது. தம்பியை மடியில் தூக்கி வைத்து இருமலுக்கு மருந்து எழுதியும் கொடுத்தார், அவர் டொக்டர். இப்படி ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு பெண்சாதியா என்று பெரியம்மா குசினியில் சொன்னது மேல் அறைக்கும் கேட்டிருக்கும். சின்னம்மா பெட்டியை அடுக்கிக்கொண்டு தானாகவே இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

“அக்கா, நீங்கள் என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்.”

அம்மா தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

சின்னம்மா பிறகு லண்டனில் சித்தப்பாவின் வீட்டை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டார். எந்த ஊரில் இருக்கிறார் என்பதை எங்களில் எவருக்கும் சொல்லவில்லை. நான் வளர்ந்த பிறகு எனக்கு மட்டும் இடைக்கிடை போன் எடுத்து, தான் அங்கே பட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. வான் வாசலில் நின்றது. சின்னம்மா ஏறி உட்கார்ந்ததும் சித்தப்பா கையை நீட்டினார். சின்னம்மா கைப்பையைத் திறந்து தன் பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு கவனமான மனிதர், சின்னம்மா எங்கேயாவது தொலைத்துவிடுவார் என்று தானே வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தபடி, வாய் நிறையச் சொக்லேட்டோடு அவருக்குக் கைகாட்டினேன்.