நாற வேண்டிய படிக்கட்டு

கிளாஸ்கோவில் கோவன் பக்கம் நெட்டா மக்லஸ்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்துகொண்ட விதம்தான் அநியாயம். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்து ஓய்வு பெற்றவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், முழங்கால் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே பெருமை, எட்டுக் குடித்தனங்களுக்கும் பொதுவான அந்தக் கல் படிக்கட்டு. யார் வீட்டுக் கதவில் முறை அட்டை தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள் படி கழுவ வேண்டும். நெட்டா கழுவினால் படியில் வெண்ணெயைக் கொட்டி வழித்துத் தின்னலாம்.

அந்தப் பெருமையில்தான் மண்ணை அள்ளிப் போட்டான் லாக்லன் ராட்டரி. எதிர்வீட்டு கிரிஸ்ஸியின் மகன். நெட்டாவின் மடியில் மூத்திரம் போன பயல், வளர்ந்து நாவல் எழுதினான். அதில் தரைத்தளத்தில் ஒரு செம்பட்டைத் தலைக்காரி. பிறந்ததிலிருந்து துடைப்பத்தைத் தொடாதவள். படிக்கட்டின் நாற்றம் அவள் வாசலில் தொடங்கி நாவல் முழுக்க வீசுகிறது. பெயரை மட்டும் பெட்டா என்று மாற்றியிருந்தான், பெரிய மறைப்பு! கோவன் முழுக்க ஒரே செம்பட்டைத் தலை நெட்டாவுடையது.

லண்டன்காரர்கள் பரிசு கொடுத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டே அழுதார்களாம். அந்த நாற்றத்தில்தான் ஸ்காட்லாந்து தன்னைக் கண்டுகொண்டது என்று ஒரு பேராசிரியர் எழுதினார். அவர் வீட்டுப் படியை யார் கழுவுகிறார்களோ!

நாவல் பாடப் புத்தகமும் ஆகிவிட்டது. மாடி வீட்டு பர்வீன் அக்தர் மாலை வகுப்பில் அதைப் படித்தாள். 'பெட்டாவின் அழுக்கு ஒரு தேசத்தின் அடையாளம்: விவாதிக்க' என்று கேள்வி. பெட்டா என் கீழ்வீட்டில் இருக்கிறார், படி பளபளக்கிறது என்று பர்வீன் எழுதினாள். ஆதாரம் நூலில் இல்லை என்று ஃபெயில் போட்டுவிட்டார்கள்.

"நான் உயிரோட இருக்கேனே, அது ஆதாரம் இல்லையா?" என்று கேட்டாள் நெட்டா.

"வாத்தியார்கிட்ட கேட்டுட்டேன். நீங்க இருக்கிறது இலக்கியத்துக்கு வெளியிலயாம்."

"நாசமாப் போக!"

அடுத்து வந்தது, நாவலில் வரும் இடங்களைக் காசு வாங்கிச் சுற்றிக்காட்டும் இலக்கிய நடை. சனிக்கிழமை தோறும் ஃப்ரேசர் என்ற வழிகாட்டி இருபது பேரை ஓட்டிக்கொண்டு வருவான். எல்லோரும் படியில் நின்று ஆழமாக மூச்சு இழுப்பார்கள். எலுமிச்சை வாசம் வரும். முகம் தொங்கிப்போகும். மேலே பர்வீன் வீட்டில் ஏலக்காய் தட்டிப் போட்ட கறி கொதித்தால் இன்னும் மோசம். காசைத் திருப்பிக் கேட்பார்கள். அசல் ஸ்காட்லாந்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோமே என்று புலம்பிய ஒருவர் பர்வீனைப் பிடித்து, "நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார்.

"மாடியிலேர்ந்து," என்றாள் அவள், குப்பைப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு.

ஃப்ரேசர் நெட்டாவிடம் கெஞ்சிப் பார்த்தான். "மேடம், வெள்ளிக்கிழமை மட்டும் கழுவாம விடக் கூடாதா? நம்ம கலாச்சாரம் இல்லையா?"

"உன் கலாச்சாரத்தை உன் வீட்டு வாசல்ல போய் வெளிக்கு இருந்து வைடா!"

அவன் அடங்கினானா? முட்டைக்கோஸ் வேகவைத்த பழைய தண்ணீரைப் பீய்ச்சும் குப்பியில் அடைத்துக் கொண்டுவந்தான். கூட்டம் வருவதற்கு முன் அவன் அடிப்பான். கூட்டம் போனதும் நெட்டா வாளியோடு வருவாள். இப்படியே குளிர்காலம் கழிந்தது. முழங்கால் வீங்கிவிட்டது. கசாப்புக் கடைக்காரர்கூட, "வாங்க பெட்டா" என்று அழைத்த அன்று, அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். தான் சாவதற்குள் லாக்லன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊரறியச் சொல்ல வேண்டும், நெட்டா சுத்தக்காரி என்று. அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

வசந்தத்தில் வாய்ப்பு வந்தது. கட்டிடத்தில் நாவலின் பெயர் பொறித்த பலகையைத் திறக்க லாக்லனே வந்தான். தெரு கொள்ளாத கூட்டம், தொலைக்காட்சிக் கேமரா. முதியோர் இல்லத்திலிருந்து கிரிஸ்ஸியைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஊதாத் தொப்பி, உதட்டுச் சாயம். மகனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

நெட்டா அவனைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். "வெளியே போய் உண்மையைச் சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

லாக்லன் தலையைக் குனிந்துகொண்டான். "நெட்டா ஆன்ட்டி, அது நீங்க இல்ல. அம்மா."

"என்னது?"

"அப்பா விட்டுட்டுப் போனப்புறம் அம்மா படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. படி நாறும். எங்க முறை வர்றப்பெல்லாம் நீங்க வந்து கழுவுவீங்க. கதவு இடுக்கு வழியாப் பார்த்திருக்கேன். அதைத்தான் எழுத நினைச்சேன். அம்மா படிச்சா உடைஞ்சு போயிடுவாங்கன்னு அந்தப் பாத்திரத்துக்கு உங்க தலைமுடியை வச்சுட்டேன். இப்ப வெளியே போய்ச் சொல்லிடறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நெட்டாவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அவள் இரண்டும் செய்யவில்லை. அவனைத் தள்ளிவிட்டுத் தானே வெளியே வந்தாள்.

பெட்டாவே வந்துவிட்டாள் என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பர்வீன், "சொல்லுங்க நெட்டா! விடாதீங்க!" என்று கத்தினாள்.

கிரிஸ்ஸி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமாடி நெட்டா, இப்பவாவது உண்மையைச் சொல்லு! என் புள்ள எழுதினது சரியா, தப்பா?"

நெட்டா அந்த ஊதாத் தொப்பியைப் பார்த்தாள். அந்த உதட்டுச் சாயத்தைப் பார்த்தாள். கேமரா பக்கத்தில் வந்தது.

"எழுதினது சரிதான்," என்றாள். "நான் ஒரு நாளும் படியைத் தொட்டதில்லை."

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. பர்வீன் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

"கேட்டீங்களா!" கிரிஸ்ஸி கூட்டத்தைப் பார்த்துக் கூவினாள். "இவ முறையையும் சேர்த்து நான்தான் கழுவித் தொலைச்சேன்! ஒரு நன்றி சொன்னாளா இவ? இன்னிக்கு வரைக்கும் சொல்லலியே!"

நெட்டா மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"ரொம்ப நன்றி, கிரிஸ்ஸி," என்றாள்.