அக்கா எடுக்க மறுத்த அத்தியாயம்

அக்கா போய் ஓராண்டாகிறது. அழுகை ஓய்ந்துவிட்டது, ஆத்திரம் ஓயவில்லை. இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னிமலையில் பிறந்த அக்கா, அப்பாவின் மில் வேலையால் பீளமேட்டில் வளர்ந்தார். மில்லை மூடியபோது டியூஷன் எடுத்துத் தங்கையான என்னையும் படிக்கவைத்தார், தானும் படித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். தோட்டத்துக் கூலியாட்களைச் சாதி பார்த்து எப்படி நடத்துகிறார்கள் என்பதே ஆய்வு.

அவருடைய நெறியாளர் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக்காரர். "எங்க ஊருக்கே போங்க அம்மணி. அங்கெல்லாம் வித்தியாசமே பாக்கமாட்டாங்க" என்று பெருமையாக அனுப்பிவைத்தார். அக்கா போனார். நெறியாளரின் சொந்த அண்ணன் தோட்டத்திலேயே வீட்டாருக்கு டம்ளரில் டீ, ஆட்களுக்குக் கொட்டாங்குச்சியில். பார்த்ததை அப்படியே ஓர் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், மனிதரின் முகம் மாறிவிட்டது.

"அந்த அத்தியாயத்த எடுத்துப்போடுங்க அம்மணி. நாளைக்கே ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"பாத்ததத்தானுங்க சார் எழுதியிருக்கறேன். எடுக்கமாட்டேனுங்க."

அதன்பின் அவர் அறை வாசலில் நின்றே அக்காவின் வருடங்கள் கழிந்தன. அவரைப் பகைத்துக்கொண்டு அக்காவை எடுத்துக்கொள்ள வேறு எந்த நெறியாளரும் துணியவில்லை. பிறகு புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும், "கைடு கையெழுத்துப் போட்டுட்டாராடி கண்ணு?" என்றுதான் கேட்டார். போடவில்லை. பட்டம் வாங்காமலே அக்கா போய்ச் சேர்ந்தார்.

நல்லா இருப்பாரா அந்த மனிதர்? எழவுக்கு ஆளுயர மாலையோடு வந்தார். இந்த நினைவு மலருக்கென்று இரங்கலுரையும் எழுதி அனுப்பினார். அதில் அக்காவை "என் அருமை மாணவி முனைவர்" என்கிறார். முனைவராம்!

"போனவங்க பேரச் சொல்லிப் பகை எதுக்கு கண்ணு? அவரு எழுதுனதப் போட்டுட்டுப் போ" என்றார் பெரியப்பா. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவை நம்பி வாய்திறந்த தோட்டத்துப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்த தோழியருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

நெறியாளரின் இரங்கலுரை இம்மலரில் இல்லை. அதற்கு ஒதுக்கிய பக்கங்களில், அவர் எடுக்கச் சொன்ன அத்தியாயத்தை ஒரு வரி குறைக்காமல் அச்சிட்டிருக்கிறேன். அவர் ஊரில் வீட்டுக்கு ஒரு பிரதி போகும். அவருடைய பிரதியை நானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். அவர் கையெழுத்து இனி எங்களுக்கு வேண்டாம்.