ஐந்துக்கு இரண்டு நிமிடம் முன்னால்

பூட்ஸ் பாலிஷ் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்னாசி ஃபாதர் ஞாபகம்தான்... கூடவே கொஞ்சம் மெழுகுவத்திப் புகை. எங்கள் நெய்வேலி டவுன்ஷிப் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அவருடைய அறை அப்படித்தான் மணக்கும்.

நண்பர்களே, இதை நானே போனில் அடிக்கிறேன். ஒற்றை விரலால். எழுபத்தொரு வயதில் படிக்கக் கற்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஃபா'வைத் தேடிப் பிடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்!

நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை முடிந்தபின் சர்ச் வளாகத்தைப் பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் திருப்பூரில். அந்தச் சமயத்தில்தான் ஃபாதரும் ஓய்வு பெற்று அங்கே வந்தார்.

பட்டாளத்தில் பாதிரியாராக இருந்தவர். சிப்பாய்களோடு பனிமலையில் கிடந்து, வலது காலில் இரண்டு விரலைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். வந்து பார்க்கச் சொந்தம் என்று யாரும் இல்லை. மைன்ஸில் யாராவது அடிபட்டால், ஆஸ்பத்திரி வாசலில் முதலில் நிற்பது அவர் சைக்கிள்தான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று கேட்க மாட்டார். "ரொம்ப வலிக்குதாடா?" என்றுதான் கேட்பார்.

தினமும் சாயந்திரம் பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் விறைப்பாக நிற்பார். கையில் பச்சை அட்டை நோட்டு. அதில், அவர் கடைசி ஜெபம் சொல்லி அடக்கம் செய்த சிப்பாய்களின் பெயர்கள். ஒரு பெயர்... ஒரு நீண்ட மூச்சு... அடுத்த பெயர். சிப்பாய் சவரிமுத்து. லான்ஸ் நாயக் தாமஸ். சிப்பாய் முருகேசன்...

நான் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

ஐந்து மணிக்கு ரோல்கால், அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது, என்பார். ஆனால் ஐந்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். "பட்டாளத்துல அஞ்சுன்னா அதான்யா அஞ்சு" என்பார். ஒரு நாளும் ஒரு மூச்சு முன்னே பின்னே ஆனதில்லை. நடுவில், சரியாக ஐந்துக்கு, மைன்ஸ் சங்கு ஊதும். அதற்கும் நிறுத்த மாட்டார். குண்டுச் சத்தத்தில் ஜெபம் சொன்னவர், ஷிப்ட் சங்குக்கா நிறுத்துவார்?

ஒருநாள் கேட்டேன். "இன்னா சாமி, தெனம் இதே பேருங்களயே படிச்சிகினு இருக்கீங்க?"

"ரோல்கால்ல ஒரு ஆள் குறைஞ்சாலும் தேடணும் ஏழுமலை. அவன் கிடைக்கிற வரைக்கும் ஒருத்தனும் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது."

முடித்ததும் நோட்டை மூடிவிட்டுச் சொல்வார்: "எல்லாரும் வந்தாச்சு. போய்ச் சாப்பிடு."

நான்கு வருஷம் இப்படிப் போனது. பிறகு அவர் கண் மங்கியது.

"எழுத்தெல்லாம் எறும்பா ஓடுதுய்யா. இனிமே நீ வாசி."

எனக்கு எப்போதுமே எறும்புதான். அதைச் சொல்ல வெட்கம். நோட்டை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, காதில் இருந்த பெயர்களை அவர் இழுவையிலேயே சொன்னேன். சங்கு ஊதியபோது தானாக வாய் நின்றது. ஃபாதரின் உதடு மட்டும் அசைந்தது. ஏதோ ஜெபம் என்று நினைத்தேன். சங்கு அடங்கியதும் மீதியைச் சொல்லி முடித்தேன்.

"எல்லாரும் வந்தாச்சு. போய்ச் சாப்பிடு" என்றார்.

தப்பித்தோம் என்று இருந்தது. இரண்டு வருஷம் தினமும் அப்படியே தப்பித்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். அந்த வேப்பமரத்தடியிலேயே கல்லறை. அறையைக் காலி செய்தபோது புது ஃபாதர் பச்சை நோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்கதானே தினம் வாசிச்சுக் காட்டுனீங்க... வச்சுக்கோங்க ஐயா."

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். பக்கம் முழுக்க எறும்பு. யாரையாவது விட்டிருப்பேனா? கேட்கவும் ஆள் இல்லை. அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீக்கடை சேகர் விடவில்லை.

"இன்னா பெரீப்பா, படிச்சிட்டு கலெக்டரு ஆவப் போறியா?"

"ஆமாண்டா. மொதல்ல ரோட்ட மறிச்சிகினு கெடக்கற உன் கடயத்தான் தூக்குவேன்."

எட்டு மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் நோட்டைத் திறந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். எனக்குத் தெரிந்தது முப்பது பெயர். நோட்டில் முப்பத்தொன்று.

பன்னிரண்டாவதாக இருந்தது: சிப்பாய் அருள்ராஜ்.

அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. ஃபாதர் அந்த இடத்துக்கு வரும்போதுதான் தினமும் சங்கு ஊதும். நான்கு வருஷமும் அந்தப் பெயரைச் சங்கு விழுங்கியிருக்கிறது.

அப்போதுதான் அந்த உதடு ஞாபகம் வந்தது... நான் விட்ட ஆளை அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் பட்டினி போடவில்லை, அருள்ராஜையும் விட்டுவிடவில்லை.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக அழுதேன்.

இப்போது சுற்றிலும் பாதி குவார்ட்டர்ஸ் காலி. வளாகத்தைப் பெருக்க மிஷினோடு வேறு ஆள் வருகிறார். நான் சாயந்திரம் ஐந்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் கல்லறைக்கு முன் போய் நிற்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிப்பதால், சங்கு ஊதும்போது இரண்டாவது பெயரில்தான் இருப்பேன். சங்கு அடங்கும் வரை காத்திருந்து மெதுவாகப் போகிறேன். அருள்ராஜ் வரும்போது எங்கும் சத்தமே இருக்காது. அந்தப் பெயர் வளாகம் முழுக்கக் கேட்கிறது.

முப்பத்திரண்டாவதாக என் கோணல் எழுத்தில் ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன். ஃபாதர் இன்னாசி.

முடித்ததும் ஃபாதரைப் போலவே நோட்டை மூடுகிறேன்.

"எல்லாரும் வந்தாச்சுங்க சாமி" என்று நானே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறேன்.