விசேஷம் ஒன்றும் இல்லை

திருவனந்தபுரத்தில் குடியேறுகிறவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்துகொண்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். எவிடெயா தாமசம், ஊணு கழிச்சோ, எந்தொக்கெ உண்டு விசேஷம். பஸ்ஸிலும் பால் வாங்குகிற இடத்திலும் டாக்டர் வீட்டு வாசலிலும் இந்த மூன்றும்தான் மாறி மாறி வரும். நான் மூன்றிலும் தோற்றவள்.

வந்த முதல் வாரம், ஆதார் கார்டில் முகவரி மாற்றப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மாள் "எவிடெயா தாமசம்?" என்றார். தாமசம் என்றால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் நேரமாகிவிடுவது. கூப்பிட்ட நேரத்துக்கு வரவில்லை என்று கோபிக்கிறாராக்கும் என்று நினைத்து, கிழக்கேகோட்டையிலேயே அரை மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று, எந்த பஸ் எங்கே நிற்கும் என்றே தெரியவில்லை என்று ஒரு பாட்டம் அழுதேன். அந்த அம்மாள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே குடியிருக்கிறாய் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது எங்கள் வீட்டுக்காரச் சேச்சி. கரமனைப் பக்கம் ஒரு சந்தில் அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தோம். கீழே அவர் மட்டும். அறுபதைத் தாண்டியவர், ஏதோ சர்க்கார் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் கனடாவில். மாடிப்படியில் என்னைப் பார்த்து, "ஊணு கழிச்சோ மோளே?" என்று கேட்டார். மோளே என்றால் மகளே என்று அதற்குள் தெரிந்திருந்தது. ஆனால் கழிச்சல் என்றால் எங்களுக்கு வயிற்றுப்போக்கு. எதற்கு இந்தம்மாளுக்கு இந்த விசாரணை என்று எரிச்சலோடு, வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றேன். வயிறாரச் சாப்பிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார் போல. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறார்.

இந்த இரண்டையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்றாவதுக்கு அப்படி வருவதில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை கிடைத்தது, அதனால் இங்கே வந்தோம் என்றுதான் ஊரில் சொன்னோம். உண்மையில் நான் ஓடி வந்தேன். எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணைப் பார்த்து "என்ன, ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள். எனக்கு ஒரு தடவை விசேஷம் இருந்தது. ஆறாம் மாதத்தில் இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், நாலாம் மாதம் மறுபடியும் ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குழாயில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா. வெளியே போவதையே விட்டேன். ஆரியசாலையில் வேலை இருக்கிறது என்று அவர் சொன்னபோது அன்றைக்கே பெட்டியைக் கட்டியவள் நான்தான். யாருக்கும் நம்மைத் தெரியாத பெரிய ஊர், நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

குடிவந்த மறுநாள் காலையில் குப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சேச்சி முற்றத்தில் மாவிலைச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, வாயெல்லாம் சிரிப்பாக, "எந்தொக்கெ உண்டு மோளே விசேஷம்?" என்றார்.

எல்லை தாண்டி, பாஷை தாண்டி வந்தும் இதுவா? ஒன்றும் இல்லை என்று முனகிவிட்டு மேலே ஓடிவந்துவிட்டேன். அடுத்த நாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். ஒரு நாளில் என்ன விசேஷம் வந்துவிடப்போகிறது, இந்தப் பொம்பளைக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா என்று மனதுக்குள் திட்டுவேன். அவரோ புட்டு அவித்தால் ஒரு தட்டு மேலே கொண்டுவருவார், சக்கை, அதாவது பலாச்சுளை, வறுத்தால் ஒரு டப்பா கொண்டுவருவார். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது படியில் நின்று மறுபடியும் அதையே கேட்பார்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெளிந்திருக்கும். நாள் முழுக்க மலையாளம் பேசித்தான் அவர் சரக்கு விற்கிறார். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்தச் சொல்லை நாங்கள் இருவரும் வீட்டுக்குள் எடுப்பதே இல்லை. அவர் வருத்தப்படுவார் என்று நான், நான் அழுவேன் என்று அவர்.

மூன்றாம் மாதம் ஒருநாள் காலையில் அம்மா போன் செய்தாள். என் நாத்தனாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். அந்தப் போனை வைத்துவிட்டுக் காய் வாங்கப் போய்த் திரும்பி வருகிறேன், கேட்டருகே சேச்சி. சிரித்தார். கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"ஒரு விசேஷமும் இல்ல. இனிமே எங்கிட்ட அதைக் கேக்காதீங்க."

தமிழில்தான் சொன்னேன். இந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழ் புரியும். சேச்சியின் முகம் வாடிப்போயிற்று. "சரி மோளே," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒழிந்தது தொல்லை என்றுதான் இருந்தது. மறுநாள் அவர் முற்றத்தில் இல்லை. புட்டு வரவில்லை. எப்போதாவது எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார், கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. அவர் கண்ணில் படாமலிருக்க நான் குப்பை கொண்டுபோகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் காலையில் ஏழு மணிக்குப் போனால் வர ராத்திரி ஒன்பதாகும். வந்து கதவைத் தட்டி, என்ன செய்தாய் என்று கேட்பார். எனக்குக் குரல் கரகரவென்று வரும். சளி பிடித்திருக்கிறதா என்பார். சளியெல்லாம் இல்லை, காலையிலிருந்து பேசாத தொண்டை.

வீட்டில் இருக்க முடியாமல் ஊர் சுற்ற ஆரம்பித்தேன். கிழக்கேகோட்டையில் வடக்கே போகிற பஸ் எங்கே நிற்கும், தெற்கே போகிற பஸ் எங்கே நிற்கும் என்பதை நின்று நின்றே படித்தேன். அங்கேயுள்ள பெரிய கோயிலுக்கு எதிரே இருக்கிற பழைய கடிகாரத்தில் மணி அடிக்கும்போது ஒரு தாடிக்காரன் முகம் வாயைத் திறக்கும், இரண்டு ஆட்டுக்கிடாக்கள் அவன் கன்னத்தில் வந்து முட்டும். வருஷத்துக்கு இரண்டு முறை சாமி கடலுக்கு நீராடப் போவதற்காக ஏர்போர்ட் ரன்வேயை மூடிவிடுவார்கள், விமானமெல்லாம் காத்துக் கிடக்கும். இதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. தெரிந்து என்ன செய்ய? ஓடிப்போய் இதைக் கேட்டியா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? ராத்திரி அவரிடம் சொன்னால், ம் என்பார், பாதியிலேயே கண் சொக்கிவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாளெல்லாம் மூட்டைகளோடு மாரடித்துவிட்டு வருகிற மனுஷன்.

ஊரைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிடுகிற பஸ்கள் இங்கே உண்டு. நிறத்தைப் பார்த்து ஏறலாம், எழுத்துத் தெரியவேண்டாம். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டால், ஏறின இடத்துக்கே என்பேன். முதல் தடவை அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு பழகிவிட்டாள். அவளோடு பேசுகிற அந்த இரண்டு வார்த்தைக்காகவே சில நாள் போயிருக்கிறேன் என்று சொன்னால் வெட்கம்தான். ஆனால் நிஜம்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வெள்ளை அங்கி போட்ட ஒரு பாதிரியார், இந்த ஊர் வழக்கில் அச்சன், உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். வழியில் குடையோடு ஏறின ஒரு பெரியவர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அச்சோ, எந்தொக்கெ உண்டு விசேஷம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிரியாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவரோ நிதானமாக, நல்ல விசேஷம், சுகமாக இருக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டுத் திருப்பி அவரிடமும் அதையே கேட்டார். பெரியவர் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்புக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. உடம்பெல்லாம் சுட்டது. என்ன சேதி, எப்படியிருக்கிறாய், அவ்வளவுதான் அந்தக் கேள்வி. இந்தப் பெரிய ஊரில் அதைத் தினமும் என்னிடம் கேட்ட ஒரே ஒரு ஜீவனின் வாயை நான் அடைத்துவிட்டேன். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்புகிற பஸ் பிடித்தேன்.

சேச்சி வீட்டு மணியை அடித்தபோது மத்தியானம் மூன்று இருக்கும். கதவைப் பாதி திறந்து நின்றார். மேலே குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று கேட்டார். வேறெதற்கும் நான் வரமாட்டேன் என்று அவருக்கு ஆகிவிட்டிருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பாதி தமிழ், பாதி எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளம். "எங்க ஊர்ல விசேஷம்னா..." என்று சொல்லி வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். சேச்சிக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. இங்கேயும் சில சமயம் அப்படிக் கேட்பதுண்டாம், ஆனால் அவர் கேட்டது அதையில்லையாம். அப்புறம்தான் நான் ஏன் அன்றைக்கு அப்படிக் கத்தினேன் என்பது அவருக்குள் இறங்கியது. ஐயோ என்று கையால் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே கூட்டிப்போய் சோபாவில் உட்காரவைத்தார். தன்னை எனக்குக் கண்டாலே ஆகவில்லை என்று நினைத்ததாகச் சொன்னார். மகன் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவானாம், மற்ற ஆறு நாளும் காலையில் அந்த ஒரு கேள்வியைக் கேட்க நான் இருந்தேனாம். என் கண்ணில் பட்டு எனக்கு எரிச்சல் வரக்கூடாது என்று முற்றம் கூட்டுகிற நேரத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் குப்பை நேரத்தை மாற்றினேன், அவர் துடைப்ப நேரத்தை மாற்றினார். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இரண்டு பேர் ஒரு வருஷம் ஒளிந்து விளையாடியிருக்கிறோம்.

பிறகு நான் அந்த ஆறு மாதத்தைச் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். சேச்சி விதி என்று சொல்லவில்லை, அடுத்தது நல்லபடியாக வரும் என்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "மோளா... மோனா?" என்று கேட்டார்.

மகளா, மகனா.

எங்கள் ஊரில் அதற்குக் கலைந்துபோயிற்று என்றுதான் பெயர். கலைந்துபோனதில் ஆண் என்ன, பெண் என்ன? என் அம்மா கேட்டதில்லை, மாமியார் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயா வாய்தவறிச் சொன்னதால் எனக்கு மட்டும் தெரியும். இரண்டு வருஷமாக எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"பொண்ணு, சேச்சி," என்றேன். அவளைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது.