இரட்டை வேகத்தில் கேட்ட குரல்

போர்ட் கிள்ளான் துறைமுக வாசலில், வரிசையில் நின்ற என் லோரிக்குள்தான் செய்தி வந்தது. புஷ்பலதா டீச்சரின் ஆடியோ வரும் நேரம் அது. வந்ததோ அவர் கணவர் தேவன் அங்கிளின் குரல். "புஷ்பா விடியக்காலையில தவறிட்டா. சாயந்திரம் வீட்டுல இருந்து எடுக்கிறோம்." பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போலச் சொல்லி முடித்துவிட்டார். கட்டினவள் போன செய்தியை இவ்வளவு அவசரமாகவா சொல்வது என்று ஒரு கணம் அவர்மேல் கோபம்கூட வந்தது. பிறகுதான் உறைத்தது. அவசரம் அவருடையது இல்லை, என்னுடையது. என் கைப்பேசியில் எல்லாருமே இரட்டை வேகத்தில்தான் பேசுவார்கள். நான் அப்படி வைத்திருந்தேன்.

நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறிய பிறகும் நம் இந்தப் பெற்றோர் வாட்சாப் குழு கலையாமல் இருந்தது டீச்சரால்தான். "பிள்ளைங்க படிச்சாச்சு, இனி அப்பா அம்மா படிங்க" என்று, ஓய்வு பெற்ற கையோடு ஆரம்பித்தார். தினமும் காலையில் ஐந்து நிமிடம். ஒரு நாள் சரித்திரம், ஒரு நாள் அறிவியல், ஒரு நாள் கவிதை. நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். கடல் ஏறி இறங்குவதற்குச் சந்திரன்தான் காரணம் என்று ஒரு நாள் சாப்பிடும்போது விளக்கினேன். என் மகள், "அப்பா, காய்ச்சல் ஏதும் இருக்கா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குழுவில் முதல் பதில் எப்போதும் என்னுடையது. "அருமை டீச்சர்", கூடவே ஒரு கும்பிடு. கிள்ளானில் இருக்கும் நம் செல்வி அக்கா எனக்கு 'முதல் மாணவன்' என்று பட்டமே கொடுத்தார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பாதி நேரத்தில் முடித்திருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

கவிதை நாட்களில் டீச்சர் ஒரு வரி படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். "மாத்திரை மாதிரி முழுங்காதீங்க. மிட்டாய் மாதிரி வாயில வச்சிருங்க" என்பார். அதையும் நான் முழுங்கினேன்.

கடைசி மாதங்களில் ஆடியோக்கள் நீண்டன. ஐந்து நிமிடம் ஏழாகி, ஒன்பதானது. நான் குழுவில் கிண்டலாக எழுதினேன்: "என்ன டீச்சர், ஃபெடரல் ஹைவே ஜாம் மாதிரி இழுக்குது லா." பலர் சிரித்தீர்கள். டீச்சரும் சளைக்கவில்லை. "நான் பாரம் ஏத்தின லோரி, மணியம். அவசரக்காரங்க ஓவர்டேக் பண்ணிக்கலாம்." என் தொழிலை வைத்தே மடக்கிவிட்டாரே என்று அதை மகளிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, டீச்சரின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நீங்களும் இருந்தீர்கள். சாப்பாட்டுக்கு முன், "அவ கடைசியா அனுப்பின கவிதைய ஒரு தடவ கேட்போம். முதல் மாணவன் போடட்டும்" என்றார் அங்கிள். நானும் முக்கியஸ்தர் போல எழுந்து போய்க் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்தேன். டீச்சர் பேசினார், பாசாரில் கடை மூடும் நேரத்து மீன்காரர் வேகத்தில். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கிள் சிரிக்கவில்லை. "புஷ்பா இப்படிப் பேச மாட்டாளே, மணியம்" என்றார்.

செல்வி அக்காதான் கைப்பேசியை வாங்கி, வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து போட்டார்.

அன்றைக்குத்தான் டீச்சரை அவருடைய வேகத்தில் கேட்டேன். ஒரு வரி. பிறகு மூச்சு, மாடிப்படி ஏறியவர் இழுப்பது போல. அடுத்த வரி. மறுபடியும் மூச்சு. போகப் போக வரியைவிட மூச்சு நீளமாக இருந்தது. எனக்கு அதெல்லாம் சுருங்கி, உற்சாகமாகப் பேசுவதாகத்தான் கேட்டிருக்கிறது. நுரையீரல் நோயை யாரிடமும் சொல்லாதவர், அதைத் தினமும் காலையில் என் காதுக்குள்ளேயே வைத்திருக்கிறார். அந்த மூச்சைக் கேட்டுத்தான் செல்வி அக்கா முன்பே நேரில் போய்ப் பார்த்தாராம். 'அருமை' போட்டவன் நான்.

பந்தியில் அங்கிள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஜாம் கிண்டலுக்கு டீச்சர் நன்றாகச் சிரித்தாராம். "சிரிச்சுட்டு, இந்த மூச்ச மட்டும் வெட்டி எடுக்க முடியுமான்னு என்கிட்ட கேட்டா. எனக்கு அதெல்லாம் எங்கப்பா தெரியும்" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே என் இலையில் ஒரு வடையை எடுத்து வைத்தார். எந்த விருந்திலும் பாயசத்தை இரண்டாம் தரம் கேட்கிறவன் நான். அன்று அந்த வடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் சொன்ன சரித்திரமும் அறிவியலும் பாதிதான் என்னிடம் தங்கியிருக்கின்றன. ஆடியோக்கள் மட்டும் முழுசாக இருக்கின்றன. சோம்பேறித்தனத்தால் அழிக்காமல் விட்டவை. தினம் ஒன்றாக, அவர் பேசிய வேகத்திலேயே கேட்டு வருகிறேன். இன்று காலை துறைமுக வாசலில் வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்னை விடாமல் அழுத்தினார்கள். டீச்சர் ஒரு வரியை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வரி வரும் வரை நான் லோரியை எடுக்கவில்லை.