பூங்காவுக்குப் போய் வரும் வழி

நகரின் ஒரேத்தோ பகுதிக்கு வீடு மாறிப் பதினோராம் நாள், சித்திரை மாதத்து வியாழக்கிழமை. பின்னேரம் மூன்று பத்துக்கு நானும் கணவரும் புறப்பட்டோம். பார்ப்பவர்களுக்குப் புது இடத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் இருவர். உண்மையில் நான் அவரைச் சோதித்துப் பார்க்கத்தான் கூட்டிப் போனேன்.

இரண்டு வருடமாக அவருக்கு மறதி. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொல்லி, தினமும் ஒரே வழியில் நடக்கச் சொல்லியிருந்தார். பொலிதேயாமா பகுதியில் நான் சம்பளத்துக்குப் பராமரிக்கும் சிஞ்ஞோராவுக்கு, அந்த வீட்டு அம்மாவுக்கு, எண்பத்தொன்பது வயது. ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். திங்கள் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கணவரைத் தனியே விட முடியாதென்றால் வேலையை விட வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே பூங்காவுக்குப் போய்த் தானாகத் திரும்ப அவரால் முடியுமா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏற்கெனவே மூன்று முறை கூட்டிப் போய்க் காட்டியிருந்தேன். அன்று அவர் முன்னால், நான் பத்தடி பின்னால்.

"கொப்பியும் கொண்டு வாறீரோ?" என்றார் படி இறங்கும்போது. "சோதினையிலை பெயிலானால் திருப்பி ஒண்டாம் வகுப்போ?"

"நடவுங்கோ, பாப்பம்."

மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையில் இடது. சரி. ரொட்டிக்கடை தாண்டி வலது. சரி. டயர்க் கடை முன் நின்று, இரு பக்கமும் பார்த்து, வீதியைக் கடந்தார். சரி. நடைபாதைத் தோடை மரங்கள் பூத்து, மணம் தலையைச் சுற்ற வைத்தது. பதினாலு நிமிடத்தில் பூங்கா வாசல். சிஞ்ஞோராவிடம் திங்களன்று என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் வசனம் அடுக்கிவிட்டேன்.

ஸ்கூட்டர் நுழையாதபடி வாசலில் இரும்புக் கம்பிகள் நட்டிருந்தார்கள். அந்த இடுக்கில் அவர் நின்றார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஓர் இளம் பெண், "பெர்மெஸ்ஸோ" என்றாள்.

வழி விடுங்கள் என்பதற்கு இங்கே அந்தச் சொல்தான். இந்த நாட்டில் நாங்கள் வசிப்பதற்கான அனுமதி அட்டைக்கும் அதே சொல்தான். வந்த புதிதில் பஸ்ஸில் ஒரு கிழவி வழி விடச் சொல்ல, நானே அட்டையைத் தேடிக் கைப்பையைத் துழாவியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் கூடும் கலியாண வீடுகளில் யாராவது இப்படி ஒரு கதை சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அது முதல் வருடத்துப் பிழை. அவர் வந்து முப்பது வருடம்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து ஒதுக்கினேன். அவள் நன்றி சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

"சத்தம் போடாதையும்," என்றார் என்னிடம். "பொலிஸ் சிவில் உடுப்பிலை நிக்கினம்."

"அது பிள்ளையோடை வந்த பொம்பிளையப்பா."

"பிள்ளையை வைச்சுத்தான் இப்ப பிடிக்கிறவை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். உள்ளே ஒரு வாங்கில் அமர்ந்து அரை மணி நேரம் இருந்தோம். புல்லெல்லாம் மஞ்சள் பூ. சொல்லில்தான் பிழை விட்டார், வழியில் இல்லை என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு, "இனி வீட்டை போவம்," என்றேன். அவர் எழுந்து, கொஞ்சமும் தயங்காமல், எதிர்ப்பக்க வாசலை நோக்கி நடந்தார். கூப்பிடுவதில்லை என்பது எனக்கு நானே போட்ட விதி. பின்னால் போனேன். பெரிய வீதியில், பிரான்காச்சோ போகும் பஸ் தரிப்பில் நின்றார். இருபத்தாறு வருடங்களுக்கு முன் நான் வந்து சேரும்வரை, பிரான்காச்சோவில்தான் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தார்.

பக்கத்தில் போய் நின்றேன். அவர் மரியாதையாக விலகி இடம் விட்டார்.

"பஸ் இப்ப வந்திடும்," என்றார். "நீங்கள் எங்கை இறங்கிறனீங்கள்?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கணவன் மனைவியை 'நீர்' என்பான். பிற பெண்களைத்தான் 'நீங்கள்' என்பது. இத்தனை வருடத்தில் ஒருமுறையும் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

பஸ் வந்துகொண்டிருந்தது.

"என்ரை வீடு கிட்டத்தான்," என்றேன். "தனியப் போகப் பயமாக் கிடக்கு. கொஞ்சத் தூரம் கூட வாறியளோ?"

"ஓம், வாறன்," என்றார் உடனே.

வாகனம் போகும் பக்கமாகத் தான் நடந்து, என்னைச் சுவர்ப் பக்கம் விட்டு, வீடுவரை கொண்டுவந்து சேர்த்தார். கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உங்கடை மனுசன் இல்லாத நேரம் வாறது சரியில்லை," என்றார்.

அவர் படியில் நிற்க, நான் கதவடியில் நின்றபடியே சிஞ்ஞோராவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, திங்களிலிருந்து வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.